துள்ளுபலகையில் மூன்று எட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆம்பூருக்கு வெளியே மலையடிவாரத்தில், கல் உடைத்து எடுத்தபின் அப்படியே விட்டுப்போன பெரிய கல்குட்டை ஒன்று உண்டு. அங்கேதான், ஒரு வெள்ளிக்கிழமை பகலில் இது நடந்தது. தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்புக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமைதான் லீவு.

ஷாப்பில் என் வேலை ஊறல் குழியில். வெளியூரிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த தோல், தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். அதைத் தண்ணீரில் போட்டு, புரட்டிப் புரட்டி மெத்தென்று ஆக்க வேண்டும். காய்ந்த தோல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊறும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

எங்கள் ஆட்களை ஊர்க் கிணற்றில் இறங்க விடமாட்டார்கள். தோல் வேலைக்காரன் கால் பட்டால் தண்ணீர் கெட்டுவிடுமாம். கல்குட்டைக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. அதனால் சின்ன வயதிலிருந்தே அதில் குதித்துப் பழகினோம். உச்சிப் பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்வது, காற்றில் ஒரு கரணம் போட்டுவிட்டு விழுவது என்று எங்களுக்குள் ஏகப்பட்ட வித்தை உண்டு. இதற்கு டைவிங் என்று பெயர் வைத்து, மார்க்கும் போடுகிற தேசங்கள் இருக்கின்றன என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதைச் சொன்னவர் ஒரு ஜெர்மன் துரை. ஷாப்பில் புதிதாக வந்திறங்கிய தோல் சீவும் மெஷினைப் பூட்டிக் கொடுக்க வந்தவர். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சத்துக்குக் கை, இதுதான் அவர் பாஷை. ஒரு வெள்ளிக்கிழமை குட்டைப் பக்கம் நடந்து வந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று சட்டையைக் கழற்றிவிட்டு உச்சிப் பாறைக்கு ஏறினார். கையை விரித்தார், பாய்ந்தார். ஊசியைப் போட்டது மாதிரி உள்ளே போனார், தண்ணீர் தெறிக்கவே இல்லை. வாலிப வயதில் அவர் ஊரில் போட்டிகளில் குதித்தவராம்.

மெஷின் வந்த பெட்டியில் நீளமான சீமைப் பலகைகள் இருந்தன. அதில் முடிச்சு இல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதன்மேல் நார்ப்பாய் அடித்து, 'ஸ்பிரிங் போர்டு' செய்தார். நாங்கள் அதற்குத் துள்ளுபலகை என்று பெயர் வைத்தோம். முனையில் நின்று ஒரு மிதி மிதித்தால் ஆளை ஆகாயத்துக்குத் தூக்கிப் போடும். இரண்டு மாதம் எங்களை அதில் பாடாய்ப் படுத்தினார். பின்னாலிருந்து மூன்று எட்டு நடந்து வர வேண்டும், மூன்றாவது எட்டில் எம்பி முனையில் குதிக்க வேண்டும், பிறகு பாய வேண்டும். நடக்க ஆரம்பித்துவிட்டால் நிற்கவே கூடாது.

"நட, நின்னா, மார்க்கு கட்!" என்று கழுத்தை அறுப்பது போலக் கையைக் காட்டுவார்.

ஒருநாள் அவர் ஒரு சேதி கொண்டுவந்தார். மதராசில் டைவிங் போட்டி நடக்கப் போகிறது. கப்பல்களில் வருகிறவர்களும் நாலைந்து தேசத்துக்காரர்களும் குதிக்கப் போகிறார்கள். நடத்துகிறவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆளை அவர் அழைத்துப் போகலாம். ஒரே ஒரு ஆளைத்தான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க் கிணற்றில் படக்கூடாத என் கால், மதராசில் பளிங்கு மாதிரி கட்டிய குளத்தில், நாலு தேசத்துக்காரன் நிற்கிற வரிசையில் நிற்கும் என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடித்தது. அந்த ஒரு ஆள் நான்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். என் மனைவியிடம் மதராசிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்றுகூடக் கேட்டாயிற்று. அவளும் அதே ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள்தான். "மொதல்ல போய்ட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

ஆளைப் பொறுக்குவதற்கு அந்த வெள்ளிக்கிழமை கல்குட்டையிலேயே போட்டி என்று துரை அறிவித்தார். சேதி ரயில் ஏறி அரக்கோணம் வரை போய்விட்டது. அங்கே எஞ்சின் ஷெட்டில் வேலை செய்கிற ஒருவன் கிளம்பி வந்தான். என் வயதுதான். எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கிற பெரிய தொட்டியில் குதித்துப் பழகினவனாம். ஓயாமல் பேசுவான், எல்லாவற்றுக்கும் சிரிப்பான். வந்த அன்றே எங்கள் ஆட்களெல்லாம் அவனுக்குத் தோஸ்த் ஆகிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இதற்குள் ஒரு பேஜார். துள்ளுபலகையின் பின்முனையைப் பாறையோடு பிடித்திருந்த இரும்புப் பட்டை, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் தெறித்துவிட்டது. புதுப்பட்டை வேலூரிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமைக்கு முன்னால் வராது என்றார்கள். துரை போட்டியைத் தள்ளி வைக்கப் பார்த்தார். நான்தான் முன்னால் வந்து நின்றேன்.

"இரும்பு எதுக்குங்க துரை? பச்சைத்தோல் வாரு போட்டு நான் கட்டித் தர்றேன். காஞ்சா இரும்பு தோத்துடும்."

சொன்னபடியே செய்தேன். பதனிடாத எருமைத்தோலில் நாலு விரல் அகலத்துக்கு வார் அறுத்து, ஈரத்தோடு இழுத்து, கல் உடைத்தவர்கள் பாறையில் அடித்துவிட்டுப்போன இரண்டு இரும்பு முளைகளோடு பலகையைச் சேர்த்துக் கட்டினேன். பலகையின் நடுவுக்கு அடியில் முட்டாக, தோல் சீவப் பயன்படுகிற உருண்டைக் கட்டை ஒன்றை வைத்தேன். புதனும் வியாழனும் வெயிலில் காய்ந்ததில் வார் இறுகிச் சுருங்கி, தட்டினால் டங்கென்று சத்தம் கேட்டது. துரை ஏறிக் குதித்துப் பார்த்தார். பின்முனை அசையவில்லை. என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

போட்டி அன்று காலையில் அரக்கோணத்துக்காரன் வந்து குனிந்து பார்த்தான். "இன்னாபா இது, இரும்பே இல்ல? தோல நம்பியா குதிக்கச் சொல்ற?"

"இது ஆம்பூர்பா. உங்க எஞ்சின் நின்னுபூட்டாலும் நிக்கும், எங்க வாரு அவுறாது" என்றேன் நான். சுற்றி நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

போட்டிக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். உச்சிப் பாறையிலிருந்து இரண்டு பாய்ச்சல், துள்ளுபலகையிலிருந்து நாலு பாய்ச்சல். துரை சிலேட்டில் மார்க்கு எழுதினார். குட்டையைச் சுற்றி ஷாப் ஜனங்களெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற, பலகைமேல் இருந்த நார்ப்பாய் சுட ஆரம்பித்தது. உள்ளங்காலை வைக்க முடியவில்லை. நான் என் மனைவியைக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தர் பாய்ந்தபிறகும் ஒரு குடம் தண்ணீர் பலகையில் ஊற்றச் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். பலகை முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருந்தது. ஊற்றின தண்ணீர் முழுக்க வழிந்து பின்னால் வந்து, வார்க் கட்டுக்கு அடியில் இருந்த பள்ளத்தில் நின்றது. ஆறு நாள் ஊறல் குழியில் நிற்கிறவன், ஏழாம் நாள் என் கண்ணெதிரே இன்னொரு ஊறல் குழி உண்டாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூளையில் உறைக்கவில்லை. மதராஸ், மதராஸ், மதராஸ், அது மட்டும்தான் மூளையில் இருந்தது.

ஐந்து பாய்ச்சல் முடிந்தபோது மற்ற ஏழு பேரும் பின்தங்கிவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். சிலேட்டில் அவன் என்னைவிட இரண்டு மார்க்கு மேலே இருந்தான். கடைசிப் பாய்ச்சல் துள்ளுபலகையில். முதலில் அவன், அப்புறம் நான். அவன் ஒழுங்காகப் பாய்ந்துவிட்டால், நான் என்னதான் தலைகீழாக நின்றாலும் எட்டுவது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் சறுக்கினால் மதராஸ் எனக்குத்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். துள்ளுபலகை இருந்த பாறைக்கு நேர் கீழே, தண்ணீர்மட்டத்தில், ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். பலகை அதைத் தாண்டித்தான் நீண்டிருந்தது. நன்றாக எம்பினால் திட்டைத் தாண்டி ஆழத்தில் விழலாம். பலகை ஏமாற்றினால் விழுவது திட்டின் மேல்தான். ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து, தலைகீழாக.

அவன் பலகையின் பின்னால் போய் நின்றான். என் மனைவி குடத்தைக் கவிழ்த்துவிட்டு, அவனைக் கடந்து என் பக்கம் வந்தாள். யாருக்கும் கேட்காதபடி என் காதோரம் சொன்னாள்.

"இன்னாங்க, வாரு ஊறிப்போச்சு. கால் பட்டுச்சு, கொழகொழன்னு இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. காலையில் எலும்பு மாதிரி வெளுத்து இறுகியிருந்த வார், இப்போது சாம்பல் நிறத்தில் உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. முளைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். அப்படி ஊறின தோலை நான் தினமும் பார்க்கிறேன். இன்னொரு மிதி தாங்காது.

"நில்லு" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. வெளியே வரவில்லை.

என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். நில்லு என்றால் போட்டி நின்றுபோகும். எல்லாரும் வாரைப் பார்ப்பார்கள். காலையில் நான் அடித்த பெருமை மொத்தமும் என் மூஞ்சியிலேயே வந்து விழும். தோல்காரனுக்குத் தோல் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். துரை என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அவன் சறுக்கினால் மதராஸ் எனக்கு. அந்தப் பாழாய்ப்போன நினைப்பும் அந்த நேரத்தில் வந்தது.

அவன் கண்ணை மூடித் திறந்தான். முதல் எட்டு வைத்தான். பலகை லேசாக முனகியது.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது எட்டு. என் மனைவி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நகம் தோலில் இறங்கியது.

அந்த வலியில்தானோ என்னவோ, கால் பறந்தது. கத்தவில்லை, கத்த நேரமும் இல்லை. ஓடிப்போய்ப் பலகையின் பின்முனைமேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தேன். அதே நொடியில் அவன் மூன்றாவது எட்டில் எம்பி முனையில் குதித்தான். முன்னால் அவன் பாரம் இறங்க, பின்னால் வார் சொதக்கென்று முளையை விட்டு நழுவியது. பலகை என்னையும் சேர்த்து மேலே தூக்கியது. தூக்கின வேகத்தில் கீழே அறைந்தது. என் வலது மணிக்கட்டு பலகைக்கும் முளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவனைக் காணோம். குட்டையைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. குழந்தைகள்கூட அழவில்லை. திட்டின் மேல் ரத்தம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகத்தைப் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டேன். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அப்புறம் ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். திட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீரில் மல்லாக்க விழுந்திருக்கிறான். முதுகு முழுக்கச் சிவந்துபோய், இருமிக்கொண்டே நீந்திக் கரையேறினான். என் பாரம் பலகையைப் பிடித்து வைத்த அந்தக் கண்சிமிட்டும் நேரம், அவனுக்கு அந்த ஒரு சாணைக் கொடுத்திருந்தது.

எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினான் என்றார்கள். தூக்கி வைத்துக்கொண்டார்கள், கை வலிக்கிறதென்று நான் கத்தினபிறகுதான் இறக்கினார்கள். துரை மட்டும் நழுவிக் கிடந்த வாரைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைக் கிழித்து என் கைக்குக் கட்டுப் போட்டார்.

அரக்கோணத்துக்காரன் ஈரத்தோடு ஓடிவந்து என் காலைத் தொட்டுவிட்டான். "தெய்வம் மாதிரி வந்தபா" என்றான். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுது."

"அப்புறம் நின்னீங்களே."

"ஜாஸ்தி நேரம் இல்லியே" என்றேன்.

"ஜாஸ்தி இல்லதான்" என்றாள். "கம்மியும் இல்ல." அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் என்னிடம் எடுத்ததே இல்லை. வேறு யாரிடமும் சொன்னதும் இல்லை.

மதராசுக்கு அரக்கோணத்துக்காரன்தான் போனான். பல தேசத்துக்காரர்களோடு நின்று குதித்துவிட்டு வந்து, "கடைசிக்கு முந்தின எடம்பா! கடைசி எடம் ஒரு கப்பல்காரனுக்கு!" என்று கடுதாசி எழுதிப் போட்டான். என் கை கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. தண்ணீரில் விழும்போது இரண்டு கையும் நேராகச் சேர வேண்டும், என்னுடையது சேராது. அதோடு என் டைவிங் முடிந்தது. ஊரில் மட்டும் நான் இன்னும் உயிரைக் காப்பாற்றின ஆள்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் என் கையைக் காட்டிக் கதை சொல்வார்கள். நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பெயர்.

பல வருஷம் கழித்து, அணைக்கட்டு என்கிற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த அரக்கோணத்துக்காரன் என் வீட்டுக்கும் வந்தான். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்க அப்பன் இல்லேன்னா நான் இல்ல" என்று ஆரம்பித்தான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லிவிட்டேன். வார் ஊறினது எனக்கு முன்னாலேயே தெரியும், அவன் முதல் எட்டு வைக்குமுன்னே தெரியும், மதராசுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றது.

"மொத எட்டு வெச்சப்ப காலுக்கு அடியில பலகை ஆடுச்சுபா" என்றான். "எனக்கும் தெரிஞ்சுது. நின்னுடலாம்னு பாத்தேன். நின்னா மார்க்கு போயிடுமே. அதான் நிக்கல." என் முழங்காலைத் தட்டினான். "உனக்கும் மதராஸ், எனக்கும் மதராஸ். விட்டுத் தள்ளு."

நல்ல மனுஷன், என் பாரத்தை இறக்கத்தான் சொன்னான். சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ரயிலுக்குப் போனான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று எட்டில் அவன் பணயம் வைத்தது தன் கழுத்தை, நான் பணயம் வைத்தது அவன் கழுத்தை. இன்றைக்கும் யாராவது என்னைப் புகழ்ந்தால், திரும்பாத இந்த மணிக்கட்டைவிட, என் மனைவியின் நகம் இறங்கின இடம்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.